யாகப்புவின் முறை

அபிவிருத்தி வரைபடத்தில் ஊரார் கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைப்பாட்டுக்கு மஞ்சள் நிறம் அடித்திருந்தார்கள். மஞ்சள் என்றால் பயன்பாடற்ற நிலம் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அளக்க வந்தவர்கள் தலவிலைக் கோயில் திருவிழாவன்று வந்திருந்தார்கள். அன்று ஊரில் நாய்கள் மட்டும்தான் இருந்தன. நாய்களிடம் விசாரித்தார்களா என்பது தெரியவில்லை.

மஞ்சள் நிலத்தில் சுற்றுலா விடுதிக்கான வாகனத் தரிப்பிடம் வரும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அது வந்தால் வலை இழுக்க ஊருக்கு வேறு கரை இல்லை.

சுஜாந்தியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது அந்தக் கரைதான். ஊரின் முதல் பட்டதாரி அவள். இப்போது பிரதேச செயலகக் கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர். சொந்த ஊரில் அந்தத் திட்டத்துக்கான கருத்துப் படிவங்களைச் சேர்க்கும் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். ஊர்ப்பிள்ளை என்பதால் சனம் மனம் திறந்து எழுதும் என்றார்கள். உத்தியோகத்தர் என்பதால் அவள் மட்டும் எதுவும் எழுதக்கூடாது என்றார்கள்.

சனம் மனம் திறந்து எழுதியது. நாற்பத்தொரு படிவங்கள். கடற்கரைக் காணி பற்றிய கேள்விக்கு நாற்பத்தொன்றிலும் ஒரே பதில்: முறைக்காரர் சொல்லுவார்.

திட்டமிடல் உத்தியோகத்தர் மின்ஹாஜ் புத்தளத்துக்காரர். படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன மிஸ் இது, ஒராள் எழுத மத்தாக்கள் பாத்தெழுதினதா?"

"இல்ல சேர். பாடு ஒண்டு, வலை பதினொண்டு. ஒரு நாளைக்கு ஒராள்ர முறை. அண்டைக்குக் கரையில அவர் சொல்லுறதுதான். மத்தாக்கள் வாய் திறக்கக்கூடாது. திறந்து வலை பிழைச்சா வாய் திறந்தவர்தான் பிழை."

"இப்ப சோழகக் காத்து அடிக்குது. கடலுக்கே ஆள் போறல்லயே."

"வலை வளைச்சாத்தான் முறை முடியும். சித்திரையில சீசன் கடைசி நாள் யாகப்புட முறை. காத்து மாறிட்டு, அவர் வளைக்கல்ல. ஒக்டோபர் வரைக்கும் முறை அவரிட்டத்தான்."

"அப்ப அவர்ட படிவம் எங்க?"

"தரல்ல. எங்கட அப்பாவோட அவருக்குக் கதை பேச்சில்ல."

அந்தக் கடைசி நாளில் அவளுடைய அப்பா கில்பட், யாகப்புவின் முறையில் வாய் திறந்திருந்தார். காற்று மாறப்போகுது போல என்றார், அவ்வளவுதான். காற்று மாறியது. கில்பட்டின் வாய்தான் அதை மாற்றியது என்பது யாகப்புவின் முடிவு. போதாததற்கு அவருக்கு அடுத்த முறையும் கில்பட்டுடையது.

மின்ஹாஜ் வரைபடத்தை மடித்தார். "வியாழக்கிழம நான் வந்து பாக்கிறன். பயன்பாடு இரிந்தா என்ட கண்ணுக்குத் தெரியோணும். இல்லாட்டி மஞ்சள்தான்."

அன்று மாலையே சுஜாந்தி யாகப்பு வீட்டுக்குப் போனாள். அவர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வந்தது கில்பட்ட மகளா, கந்தோரா?"

"கந்தோர்."

"கந்தோர் எண்டா இரு. கில்பட்ட மகள் எண்டா நில்லு."

அவள் இருந்தாள். அவர் படிவத்தைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். "'இக்காணி தற்போது பயன்படுத்தப்படுகின்றதா?' தற்போது எண்டா இந்த ஆவணியா?"

"ஓம் மாமா."

"ஆவணியில இல்ல. பொய் எழுதச் சொல்லுறியா, பிள்ள?"

"இல்லையெண்டு எழுதுங்க. ஒக்டோபர்ல வலைய அங்க நிக்கிற வாகனங்களுக்கு மேலால வளைக்கலாம்."

"என்ர முறை. நான் எதுக்கு மேலாலயும் வளைப்பன்."

பங்கேற்புத் திட்டமிடல் என்று நான்கு வருடம் படித்திருந்தாள். அந்தப் பாடத்தில் யாகப்பு வரவில்லை.

"நீங்க வாய் திறக்காட்டி நாப்பத்தொரு வீடும் திறக்காது. இது தெரிஞ்சு செய்யிறீங்களா, இல்லாட்டி மொக்குத்தனமா?"

"இத உன்ர அப்பன் கேட்டிருந்தா அறைஞ்சிருப்பன்."

"அதுதான் நான் கேக்கிறன்."

அவர் வெறும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றக் காலை எடுத்தார்.

வியாழக்கிழமை மின்ஹாஜ் கமராவுடன் வந்தார். காற்று மணலை அள்ளி வீசியது. வரைபடத்தை விரிக்க அவருக்கு நாலு கல் தேவைப்பட்டது.

"ஆளுமில்ல, வலையுமில்ல. நான் என்னத்த மிஸ் எழுத?"

அப்போதுதான் வாடிக் குடிசைக்குப் பின்னாலிருந்து யாகப்புவின் தோணி வந்தது. பன்னிரண்டு பேர் தள்ளினார்கள். ஊர் முழுக்கக் கரைக்கு வந்து நின்றது. இந்தக் காற்றில் வலை வளைப்பது விசர்வேலை என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. கில்பட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். சுஜாந்தியும் மூடிக்கொண்டாள். அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை.

தோணி மூன்று தரம் கரைக்குத் திரும்பி வந்தது. நாலாம் தரம் அலையைத் தாண்டி, வழக்கத்தில் பாதித் தூரத்தில் வலையை வளைத்துவிட்டு வந்தது. யாகப்பு ஈரம் சொட்டச் சொட்ட வந்து கயிற்றை மின்ஹாஜின் முன் போட்டார்.

"சேர், கரைவலைப்பாட்டில நிண்டா இழுக்கோணும்."

மின்ஹாஜ் கமராவை சுஜாந்தியிடம் கொடுத்துவிட்டுக் காற்சட்டையை மடித்தார். ஒன்றரை மணித்தியாலம் இழுத்தார்கள். வலையின் மடி கரைக்கு வந்தது. அதில் பாசி, சொறிமுட்டை, ஐஸ்கிறீம் பெட்டி மூடி ஒன்று, இடது கால் செருப்பு ஒன்று, ஒரு கைப்பிடி சாளை மீன். வலை இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

மின்ஹாஜ் மஞ்சளைப் பேனையால் வெட்டி, கரைவலைப்பாடு, பயன்பாட்டில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். "கண்டதத்தான் எழுதினன்," என்று சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே போனார்.

அவர் போன பிறகுதான் சுஜாந்திக்கு விளங்கியது. வலை வளைத்தாயிற்று, முறை முடிந்தது. மடியில் என்ன வந்தது என்று ஊர்வழக்கம் கேட்பதில்லை. ஒக்டோபரின் முதல் வலை, வருடத்தின் கொழுத்த மடி, நாலு மாதம் யாகப்பு காத்திருந்த மடி, இனி அவளுடைய அப்பாவுடையது. தோணியைத் தள்ளும்போதே யாகப்புவுக்கு அது தெரியும்.

கில்பட் கிட்டே வந்து தொண்டையைச் செருமினார்.

"கதைக்காத," என்றார் யாகப்பு. "இப்ப உன்ர முறை. ஒக்டோபர்ல காத்தப் பத்தி நானும் ஒரு சொல்லு சொல்ல மாட்டன். பாப்பம்." பிறகு சுஜாந்தியின் பக்கம் கையை நீட்டினார். "கந்தோர், அந்தப் படிவம்."

அவருடைய கை ஈரமும் மணலுமாக இருந்தது. அவளே பேனையை எடுத்தாள். பயன்படுத்தப்படுகின்றதா: ஆம். கிடைக்கும் விளைச்சல்?

"ரெண்டு கைப்பிடி எண்டு போடவா, மாமா?"

"ஒண்டு," என்றார். "பொய் எழுதாத."