ஓட்ஸ் பீரின் வழுவழுப்பு

ஸ்காட்லாந்தின் டண்டீயில் எங்கள் பீர் காய்ச்சும் வகுப்பு செவ்வாய்தோறும் மாலை ஆறரைக்கு, தேவாலயக் கூடத்தில் நடக்கும். கடைசி வகுப்பில் ஆசிரியை ரோனா எல்லாருடைய பீரையும் ருசி பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதுதான் கோடைத் தெருவிழாவில் ஊற்றப்படும். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. இருபத்து மூன்று வயதுவரை எதிலும் என்னை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

என் கூட்டாளி ஸ்ட்ரூவன் மீன் கடையில் வேலை செய்பவன். எத்தனை முறை கழுவினாலும் அவன் கையில் அந்த வாடை மிச்சமிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை என் சமையலறையில் கறுப்பு பீர் போட ஆரம்பித்தோம். நாலு கிலோ மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லிக்கு, அரைக் கிலோ ஓட்ஸ் என்று நோட்டில் எழுதி, தராசையும் எடுத்து வைத்திருந்தேன்.

"ஓட்ஸ எடை போட்டுப் போடுற ஸ்காட்லாந்துக்காரிய இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்று சொல்லி, கையால் அள்ளி அள்ளிப் போட்டான். ஒன்றரைக் கிலோவாவது இருக்கும். தண்ணீர் அடைபடாமல் வடிவதற்காக நான் வாங்கி வைத்திருந்த அரிசி உமியையும் கலக்க விடவில்லை. அதெல்லாம் ஓட்ஸோடு வளராதவர்களுக்காம்.

அறுபத்தேழு டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறியபின் பானையின் அடிக்குழாயைத் திறந்தோம். இரண்டு கரண்டி வந்தது, நின்றுவிட்டது. உள்ளே பழுப்புப் பசை. கரண்டியைத் தூக்கினால் மூக்குச்சளி போல நீண்டு தொங்கியது.

ஸ்ட்ரூவன் மண்டியிட்டு ரப்பர் குழாயில் வாயை வைத்து ஊதினான். அப்போதுதான் தின்ற சாசேஜ் ரோலின் துணுக்குகள் உதட்டில் ஒட்டியிருந்தன. பானைக்குள்ளிருந்து ஒரு ஏப்பம் எழுந்து பசையின் மேல் வெடித்தது. வடிய ஆரம்பித்தது. எப்படியும் கொதிக்கப் போகிறது, கிருமியெல்லாம் செத்துவிடும் என்றான். அது சரிதான். வகுப்பில் தந்த புத்தகத்தில் இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

ஆனால் கொதித்து ஆறியபின், புளிக்கும் வாளிக்கு மாற்றும்போதும் அதே குழாயை வாயால் உறிஞ்சினான். இதற்குப்பின் கொதி கிடையாது. எனக்குத் தெரியும். நான்தான் அளவுக்கு மீறி அருவருப்புப் படுகிறேனோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். நோட்டில் அந்த வரியை மட்டும் காலியாக விட்டேன்.

எட்டு வாரம் கழித்து, கடைசி வகுப்பில் ரோனா எங்கள் பீரை வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"பட்டு மாதிரி இறங்குது கண்ணுகளா. ஓட்ஸ் போட்டா இப்படித்தான் இருக்கணும். இந்த வருஷம் இதுதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கீத் இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கினார். ஸ்ட்ரூவன் முழங்கையால் என்னை இடித்தான். நான் என் கிளாசைச் சற்றே சாய்த்தேன். விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நூல் தொங்கியது. அறுந்து விழவில்லை. ஓட்ஸ் பீரை வழுவழுப்பாக்கும், நூலாக்காது. குடித்த ஒரு வாய், கெட்ட வெண்ணெயின் நாற்றத்தோடு தொண்டைக்குத் திரும்பி வந்தது.

கீத் இரண்டாவதை முடிக்கப் போனார். தெருவிழாவுக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

"ரோனா, இது ஓட்ஸ் இல்ல," என்றேன். "ஆறினதுக்கு அப்புறம் குழாய வாயால உறிஞ்சினோம்."

"யாரு?"

ஸ்ட்ரூவன் கூரையைப் பார்த்தான். "நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றேன்.

ரோனா தன் கிளாசுக்குள் ஸ்பூனை விட்டுத் தூக்கிப் பார்த்தார். பிறகு காகிதத் துண்டை எடுத்து நாக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கீத் கிளாசை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தார். அடுத்த மேஜைக்காரர்களின் பீர் தேர்வாயிற்று. யாரும் கைதட்டவில்லை.

மிச்சமிருந்த இருபது பாட்டிலையும் கழிப்பறையின் கைகழுவும் தொட்டியில் கொட்டச் சொன்னார் ரோனா.

"அஞ்சு நிமிஷம் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல," என்றான் ஸ்ட்ரூவன்.

"நீ அன்னிக்கு மூடியிருந்தா நானும் மூடியிருப்பேன்."

பீர் இறங்கவில்லை. துவாரத்தின் வாயில் கொழகொழவென்று அசைந்துகொண்டிருந்தது. வெந்நீர் ஊற்றி, விரலால் தள்ளினோம். முதலில் ஓங்கரித்தவன் அவன்தான்.