மூணு தட்டு

அந்த கான்கிரீட் ஆலையில் எல்லோரும் அவனை எலி என்றுதான் கூப்பிட்டார்கள். கலவை லாரியின் டிரம்முக்குள் பின்வாய் வழியாக இறங்கி, உள்ளே காய்ந்து இறுகிய கான்கிரீட்டை உடைத்துப் போடுவது அவன் வேலை. அவன் உள்ளே இருக்கும்போது யாராவது டிரம்மைச் சுற்றிவிட்டால், உடைத்த கான்கிரீட்டோடு அவனையும் அள்ள வேண்டியதுதான்.

இதைத் தடுக்க நிர்வாகம் மூளையைக் கசக்கி ஒரு பாதுகாப்பு முறையைக் கண்டுபிடித்திருந்தது. ஒரு பக்கம் உடைத்து முடித்ததும் எலி வெளியே வந்து டிரம்மை மூன்று முறை தட்டுவான். கேபினில் இருக்கும் டிரைவர் வண்டியைக் கிளப்பி டிரம்மைக் கொஞ்சம் சுற்றுவார். எலி மறுபடி உள்ளே போவான். தட்டியவன் வெளியே நிற்கிறானா, உள்ளே நிற்கிறானா என்று கேபினில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? எலி ஒருநாள் இதைக் கேட்டான். அதிகப்பிரசங்கி என்ற பட்டம்தான் கிடைத்தது.

அவன் மனைவி பட்டமெல்லாம் கொடுக்கவில்லை. அவன் பேண்ட்டுக்கு உள்பக்கமாக, பட்டன் வைத்து ஒரு பாக்கெட் தைத்தாள்.

"வண்டிச் சாவிய இதுல போட்டுக்கிட்டு இறங்குங்க. மெமோ கொடுத்தா வாங்கிட்டு வாங்க. மெமோ வாங்க ஆள் உசுரோட இருக்கணும்ல."

மெமோ வந்தது. சாவி எப்போதும் வண்டியிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அவசரத்துக்கு வண்டியை நகர்த்த வேண்டுமாம். இரண்டாவது மெமோவும் வந்தது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

அது பாதுகாப்பு வாரம். காலை பதினோரு மணிக்கு பாதுகாப்பு அதிகாரி வந்தார். அவருடைய ஹெல்மெட்டில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு இன்னும் உரியவில்லை. கூடவே போனில் படம் எடுக்க ஆபீஸ் கிளார்க்.

"சாவி எங்கப்பா?"

"பாக்கெட்ல சார்."

"திருந்த மாட்டே. மூணாவது டைப் அடிச்சுட்டேன்." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "போட்டோ முடியட்டும், கையெழுத்து போடு. தள்ளு, நான் உள்ள இறங்கணும்."

"நீங்களா சார்?"

"களத்துல இறங்கி ஆய்வு செய்யும் அதிகாரி. பாதுகாப்பு வார மலர்ல முதல் பக்கம்."

வயிற்றை எக்கி, டிரம்மின் வாய்க்குள் பாதியில் மாட்டி, கிளார்க் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ள, அதிகாரி உள்ளே போய்ச் சேர்ந்தார். கிளார்க் ஏணியில் நின்று போனை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்த டிரைவர் திரும்பி வந்தார். பின்பக்கம் நடந்த திருவிழா எதுவும் அவர் கண்ணில் படவில்லை. முன்பக்கமாகவே கேபினில் ஏறி உட்கார்ந்தார்.

டிரம்முக்குள் அதிகாரி போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். "இரும்பு எவ்ளோ உறுதின்னு தெரியணும். தட்டுற மாதிரி எடு."

டங். டங். டங்.

எலியின் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. சாவி இருந்தது.

கேபினிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார். "டேய் எலி, மூணு தட்டு கேட்டுச்சே. சுத்தலாம்னு பாத்தா சாவியக் காணோம். எங்கடா வச்சே?"

கிளார்க்கின் போன் இன்னொரு படம் எடுத்தது. அந்தப் படத்தில் அதிகாரியின் முகம் சிமெண்ட் நிறத்தில் இருந்தது.

"எங்கிட்ட இருக்குண்ணே," என்றான் எலி. "கொண்டுவந்து தரவா?"

"வேணாம்." அதிகாரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "சாவி... அவன்கிட்டயே இருக்கட்டும்."

வெளியே வருவதற்கு அவரை யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. வயிறு எங்கே போனதென்றே தெரியவில்லை. ஹெல்மெட் உள்ளேயே கிடந்தது, விலைச் சீட்டோடு.

எலி மரியாதையாகக் கையை நீட்டினான். "சார், மெமோ? கையெழுத்து போடணும்னீங்களே."

அதிகாரி அந்தக் காகிதத்தை எடுத்தார், நெற்றி வியர்வையைத் துடைத்தார், கசக்கிக் கீழே போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நுழைவாயிலில் புதுப் பலகை: "உள்ளே இறங்குபவர் பையில் சாவி. பாதுகாப்பு அதிகாரியின் புரட்சிகரத் திட்டம்." மாலையும் போட்டார்கள், பலகைக்கு அல்ல, அவருக்கு.

எலி சாவியைப் பாக்கெட்டில் போட்டுப் பட்டனை மாட்டினான். ஏணியில் கால் வைக்கும்போது பின்னால் ஒரு தொண்டைக் கனைப்பு.

"ஏம்பா," அதிகாரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "உன் வீட்டம்மா எனக்கும் ஒரு பாக்கெட் தைச்சுத் தருவாங்களா? பட்டன் வச்சு."