தொட்டியில் ஊற்றியது

பம்பு உறுமியது, தண்ணீர் வரவில்லை.

அவள் பொத்தானை மறுபடியும் அழுத்தினாள். எஸ்பிரெசோ இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து எழுந்தது வழக்கமான உறுமல் அன்று. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டவன் பேச முயல்வதைப் போன்ற அடைபட்ட முனகல். கீழே வைத்திருந்த கோப்பையில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு குழாயின் நுனிவரை வந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, அங்கேயே தொங்கி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் சமையலறை மேடையில் பாதி தூரம் ஏறியிருந்தது. வேறொரு வீட்டில் வேறொருத்தியாக இருந்தால், இந்தப் பாழாய்ப்போன பெட்டியை மூடி மூலையில் தள்ளிவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருப்பாள். இவளால் அது முடியாது. மற்றவர்களுக்கு அது காபி போடும் இயந்திரம்; இவளுக்கு அது வாசற்கதவு.

மறுநாள் விடியலில் பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். விடிவதற்கு முன்பே பணியாளர் பேருந்து தெருமுனைக்கு வந்துவிடும். அவள் கணவனோ சன்னலில் வெயில் விழுந்த பிறகே கண் விழிப்பவன். வேலை கிடைத்த செய்தியோடு அவளுடைய அண்ணன் வந்தபோது, கணவன் பெருந்தன்மையாகத்தான் பேசினான்.

"தாராளமா போகட்டும் மச்சான். ஒண்ணே ஒண்ணுதான். எழுந்ததும் சூடா காபி கைக்கு வரலைன்னா எனக்கு உலகமே இருட்டு. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு இவ கவர்னர் வேலைக்குக்கூடப் போகட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வேடிக்கை சட்டமாகிவிட்டது. படித்திருந்தாள், போதாது. தேர்வில் தேறியிருந்தாள், போதாது. மருத்துவச் சான்று வாங்கியிருந்தாள், அதுவும் போதாது. ஓர் ஆண் தூங்கி எழும் வேளையில் ஒரு கோப்பை சூடாக இருந்தாக வேண்டும். எந்த மன்றத்திலும் விவாதிக்கப்படாத, எந்தப் புத்தகத்திலும் அச்சேறாத இந்தச் சட்டம், அச்சேறிய சட்டங்கள் அத்தனையையும்விட ஒழுங்காக நிறைவேறி வருகிறது. அதை மீறியவளுக்குத் தண்டனை விதிக்க நீதிபதி தேவையில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் ஒரு கணவன் போதும்.

அண்ணன் அடுத்த வாரமே தன் வீட்டு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாப்பிள்ளை, பொடியைப் போடுங்க, பொத்தானை அமுக்குங்க, கோப்பையை எடுங்க. இதுக்கு மேல சுலபம்னா, காபியை யாராவது உங்க வாயில ஊத்தித்தான் விடணும்" என்றான். அப்போதும் எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது அவனுடைய குரல், மேடைமீது சாய்த்துவைத்த கைபேசியிலிருந்து வந்தது.

"தொட்டியில தண்ணி இருக்கா, வாலு?" சிறு வயதிலிருந்தே அவளுக்கு அவன் வைத்த பெயர் அதுதான்.

"உன் மண்டைக்குள்ள மூளை இருக்கான்னு நான் கேட்டேனா?"

"கேட்டுப் பிரயோஜனம் இல்லைன்னு விட்டுட்டே. சரி, தொட்டியைக் கழட்டி மறுபடி அழுத்தி உட்கார வை. அடியில சின்னதா ஒரு வால்வு இருக்கும். அது சரியா உட்காரலைன்னா தண்ணி இறங்காது."

அழுத்தி உட்கார வைத்தாள். 'டக்'கென்று சத்தம் கேட்டது. பொத்தானை அழுத்தினாள். அதே முனகல்.

"நேத்து அவரே தொட்டியைக் கழுவி வச்சிருந்தாருண்ணா. பளபளன்னு. கவிழ்த்து வேற வச்சிருந்தாரு."

"யாரு, மாப்பிள்ளையா? சாப்பிட்ட தட்டு தானா நடந்து போகும்னு நம்புற மனுசனா? நீ ஜெயிச்சுட்டே போ!"

அண்ணனிடம் சொல்லாத ஒன்று அதில் இருந்தது. முந்தின நாள் சீருடை வாங்க அவள் பணிமனைக்குப் போயிருந்தாள். கணவன் தனியாகக் காபி போட்டுக்கொண்ட முதல் நாள் அது, ஒத்திகை நாள். மாலையில் திரும்பி வந்தவள், மேடைமீது கவிழ்ந்து கிடந்த தொட்டியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, ஒரு சொட்டுக் கறையில்லாமல் கழுவியிருந்தான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவன் கழுவிய முதல் பாத்திரம். அவள் அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதன் மாறுவான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தத் தொட்டிதான்.

"அப்ப காத்து அடைச்சிருக்கும்" என்றான் அண்ணன். "தொட்டி காலியா இருந்தப்ப பம்பு ஓடியிருந்தா குழாய்க்குள்ள காத்து புகுந்துடும். நீராவித் திருகைத் திறந்துவிட்டு ஓட்டிப்பாரு."

திறந்துவிட்டு ஓட்டினாள். இரண்டு முறை தும்மிவிட்டு, நீராவிக் குழாய் பழுப்பாக ஒரு துளியைக் காறித் துப்பியது. ஊசி போடும் குழலால் பம்பின் வாய்க்குள் தண்ணீரைச் செலுத்தினாள். காற்றுக் குமிழிகள் வந்தன, தண்ணீர் வரவில்லை. பொடிக்கு மேலே தண்ணீரைத் தூவும் சல்லடைத் தகட்டின் திருகாணியைக் கழற்றி, ஒவ்வொரு துளையையும் குண்டூசியால் குத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாத் துளைகளிலும் சூரியன் தெரிந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த கணவன் குரல் கொடுத்தான்.

"என்னங்க டாக்டரம்மா, ஆபரேஷன் முடிஞ்சுதா? நோயாளி பிழைப்பாரா?"

"பிழைச்சிடுவார். நீங்க கொஞ்சம் வந்து இதைப் பிடிங்களேன்."

அவன் வந்து வாசற்படியில் நின்றான். மேடைமீது பரப்பி வைத்திருந்த திருகாணிகளையும் குழாய்களையும் பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறவன்போல் வாயைத் திறந்தான். பிறகு, "எனக்கு டீ கிடைச்சாலும் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சமையலறை மூலையில், முழங்காலில் வெந்நீர்த் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாமியார். "விடும்மா. அது வராது" என்றார்.

"வரும் அத்தை. வரலைன்னா ஏன் வரலைன்னாவது தெரியணும்."

இயந்திரத்தின் மேல்மூடியைக் கழற்றினாள். உள்ளே பம்பும், அதிலிருந்து சூடேற்றும் உலோகக் கட்டிக்குப் போகும் மெல்லிய குழாயும் தெரிந்தன. குழாயைப் பம்பிலிருந்து உருவிவிட்டு ஓட்டினாள். பம்பிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. இயந்திரம் ஒரு நொடி வாய்விட்டுச் சிரித்தது போலிருந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

"அண்ணா, பம்பு நல்லா இருக்கு! அடைப்பு அதுக்கு அப்புறம்தான்."

"அப்ப உப்புதான். தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு படிஞ்சு அடைச்சிருக்கும். எலுமிச்சை உப்பைக் கரைச்சு ஊத்து, கரைஞ்சிடும். நாளைக்குப் பஸ்ல ஏறிட்டுப் போன் பண்ணு."

எலுமிச்சை உப்பைக் கிண்ணத்தில் கரைத்தாள். குழாயின் மறுமுனையையும் கழற்றி, அதன் வாயில் அடைத்திருந்ததைக் குண்டூசியால் நோண்டி எடுத்தாள். மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒரு துணுக்கு. சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறோமா என்று பார்க்க, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டிக் கிண்ணத்தில் போட்டாள். நுரைத்துப் பொங்கிக் கரைந்தது. குழாயில் கிடைத்த துணுக்கைப் போட்டாள். அது நுரைக்கவில்லை. பொங்கவில்லை. அசையாமல் மிதந்தது.

சுண்ணாம்பு மிதக்குமா?

விரலால் எடுத்து நசுக்கினாள். பிசுபிசுத்தது. எண்ணெய்ப்பசை விரலில் ஏறியது. மூக்கருகே கொண்டுபோனாள். புளிப்பு, அதற்குள் தீய்ந்த வாடை. எந்தப் பாத்திரத்தின் அடியிலிருந்து வந்தாலும் எந்தச் சமையலறையிலும் எந்தப் பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக்கூடிய வாடை.

பால்.

மாமியார் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் கூடத்துக்குப் போனாள். விரலை அவன் முன் நீட்டினாள்.

"தொட்டியில பாலா ஊத்துனீங்க?"

அவன் விரலைப் பார்க்கவில்லை. "பாலைத் தனியா காய்ச்சணும், அந்தப் பாத்திரத்தைத் தனியா கழுவணும், யாரால முடியும்? பாலையே ஊத்திட்டா பால்காபியா நேரா வந்துடும்னு நினைச்சேன். முதல் கோப்பை வந்துச்சு. தீய்ஞ்ச நாத்தம். அப்புறம் நின்னுபோச்சு."

"அதனாலதான் தொட்டியைக் கழுவுனீங்களா?"

"பின்னே, நாறாதா?"

"காலையிலேர்ந்து ஒவ்வொண்ணா கழட்டித் தேடிட்டிருக்கேன். வந்து பார்த்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்கவே இல்லையே" என்றான் அவன். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் அதில் நுழைந்து வாதாட ஒரு கதவாவது இருந்திருக்கும்.

அண்ணனை மறுபடி அழைத்தாள். சூடேற்றும் கட்டிக்குள் தலைமுடி நுழையும் அளவுக்கே வழி இருக்கும், அதற்குள் பால் எரிந்து இறுகிவிட்டால் சுரண்டவும் முடியாது, கரைக்கவும் முடியாது, புதிதாகத்தான் வரவழைக்க வேண்டும் என்றான்.

"அழாதே வாலு. நான் இன்னைக்கே வேற மெஷின் கொண்டாந்து தரேன்."

"வேண்டாம்ணா" என்றாள். அவள் அழவில்லை. "அதுலயும் பால் ஊத்தலாம்."

ஆனாலும் கணவனிடம் கேட்டுப் பார்த்தாள். தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகும் கேட்டுப் பார்க்கும்படி வளர்க்கப்பட்டவர்களுள் அவளும் ஒருத்தி.

"ஏங்க, நான் கிளம்புறப்பவே போட்டு பிளாஸ்க்ல ஊத்தி வச்சிடுறேன். சூடு அப்படியே இருக்கும்."

"பிளாஸ்க் காபி ஆஸ்பத்திரிக் காபி. அதைக் குடிக்கணும்னா நான் முதல்ல படுத்த படுக்கையாகணும். இப்ப என்ன அவசரம்? மெஷினுக்குச் சாமான் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

"அதுவரைக்கும் அந்த வேலை காத்திருக்காதுங்க. முதல் நாளே வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்னு சொல்லியிருக்காங்க."

"அப்படிப்பட்ட இடத்துல போய் நீ என்னத்தை வேலை பார்க்கப் போறே?" என்றான் அவன், உண்மையான அக்கறையோடு.

சமையலறைக்குத் திரும்பித் திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினாள். மாமியார் சன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்கும் சொன்னாங்க ஒரு வேலை. துணி ஆலையில. அப்ப நம்ம வீட்டுல மண்ணெண்ணெய் அடுப்பு. போக வேண்டிய அன்னைக்குப் பார்த்துத் திரி ஏறவே இல்லை. உன்னை மாதிரிதான், பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தேன்."

"ஏன் ஏறலை அத்தை?"

"அடியில வெட்டியிருந்துச்சு. கத்தரிக்கோலால வெட்டின மாதிரி நேரா இருந்துச்சு." துண்டை முழங்காலில் இறுக்கிக் கட்டினார். "உன் மாமனாருக்கும் எழுந்ததும் சூடா கைக்கு வரணும். அவருக்குக் காபி கிடையாது. டீதான்."

"நேத்து அவர் பால் ஊத்துறதைப் பார்த்தீங்களா?"

மாமியார் மிக மெதுவாக, "எம்புள்ளையாச்சேம்மா" என்றார்.

அந்த ஒரு சொல்லில் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையின் கையில் சாவியைக் கொடுத்தது; திறப்பதற்கு அன்று, பூட்டுவதற்கு. திரியை வெட்டியவன் போய்விட்டான். அதைக் கண்டும் காணாமல் இருக்கக் கற்றவள் இருக்கிறாள். பாலை ஊற்றியவன் கூடத்தில் சாய்ந்திருக்கிறான். நாளை இவளும் கற்றுக்கொள்வாள். கொடுமை கத்திக்கொண்டு வந்தால் ஊரே திரளும். அது கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிறது. அதை எதிர்த்து எந்தத் தெருவில் கொடி பிடிப்பது?

மறுநாள் விடியுமுன் அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. சீருடை கொடியில் தொங்கியது. தெருமுனையில் பணியாளர் பேருந்து வந்து நின்று ஒலியெழுப்பியது. நின்றது. மறுபடியும் ஒலியெழுப்பியது. ஓட்டுநர் நல்லவராக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தார். அவள் சமையலறை மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு எஞ்சின் சத்தம் தேய்ந்து, தெரு பழையபடி ஆயிற்று.

வெயில் சன்னலில் விழுந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று கோப்பைகளில் ஊற்றினாள். கணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, ஒரு மடக்கு குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"இதுதான் காபி! என்ன இருந்தாலும் அந்த மெஷின்ல இந்த ருசி வருமா, சொல்லு?"

மாமியார் தன் கோப்பையை எடுக்கவில்லை. மூடி கழற்றிய இயந்திரத்தின் பக்கத்தில் அது இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறி, அதன்மேல் ஆடை படிந்தது.