மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரிஜினல்

என் வீட்டுக்காரர் ராயப்பராஜ் கறி விஷயத்தில் ஒருநாளும் ஏமாந்தவர் இல்லை. எங்கள் மகள் சகாயசெல்வியின் மறுவீட்டு விருந்துக்கு ஆடு பிடிக்க அவரே கன்னிவாடிப் பக்கம் போனார். ஒவ்வொரு ஆட்டின் வாயையும் திறந்து பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, இளசாகத் தேர்ந்தெடுத்து ஓட்டிவந்தார். அரிசியும் அப்படித்தான். சீரகச் சம்பாவில் வேறு அரிசி கலந்திருந்தால் மூட்டையைப் பிரித்த உடனே மோப்பம் பிடித்துக் கடைக்காரனுக்கே திருப்பி அனுப்பிவிடுவார். வயிற்றுக்குள் போகிற எதிலும் அவரிடம் டூப்ளிகேட் செல்லாது. காருக்குள் போகிற சாமான்களுக்கு மட்டும் அவர் வேறு சட்டம் வைத்திருந்தார்.

எங்களிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருந்தது. திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருப்பவருக்கு ஒரு கார் வேண்டும் என்று யாரோ சொல்லப்போய், பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினார். அது வீட்டுக்கு வந்த பத்துப் பதினோரு வருடத்தில், ஒவ்வொரு உறுப்பாகப் பழுதாகி, ஒவ்வொன்றுக்கும் ஊர் பேர் தெரியாத பாதி விலைச் சாமான் மாற்றப்பட்டு, கடைசியில் ஒரிஜினலாக மிஞ்சியது ஹாரன் ஒன்றுதான். அது மட்டும் பழுதாகவே இல்லை, பாவம், அதைத்தானே அவர் அதிகம் நம்பி ஓட்டினார்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவர் பேகம்பூர் மெக்கானிக் முனீர். ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவார்.

"அண்ணே, மத்தது எப்படியோ போகட்டும். பிரேக் சாமான மட்டுமாச்சும் கம்பெனியில வாங்கிப் போட்டுருவோம்ணே."

"டப்பாவுல பேரு அச்சடிச்சதுக்கா முனீரு இம்புட்டுக் காசு? ரெண்டும் இரும்புதான? இரும்புக்கு என்னப்பா சாதி, குலம்?"

சமத்துவத்தை அவர் இவ்வளவு உருக்கமாகப் பேசி வேறு எந்த விஷயத்திலும் நான் கேட்டதில்லை.

ஆனால் அந்தக் காரை மலைக்கு மட்டும் எடுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, வடமதுரையில் என் அம்மா வீட்டுக்கு, மகளைத் திருச்சிக் கல்லூரி ஹாஸ்டலில் விட என்று எல்லா இடத்துக்கும் கார்தான். கொடைக்கானல் என்றால் பஸ். கேட்டால், "மலைக்காத்து இஞ்சினுக்கு ஒத்துக்காது" என்பார். காற்று ஒத்துக்கொள்ளாத இஞ்சினா என்று நான் சிரிப்பேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

சகாயசெல்வியைப் பெண் கேட்டு வந்தவர் நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஸ்தனிஸ்லாஸ். மகன் இனிகோ தங்கமான பையன். ஸ்தனிஸ்லாஸ் ஆசையையெல்லாம் துறந்த முகத்தோடு, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம் சம்பந்தி. பிள்ளைக போக வர ஒரு வண்டி இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற அம்பாசிடரையே பார்த்துக்கொண்டிருந்தார். துறவிக்கு அடுத்த சந்தேகம் உடனே வந்தது.

"மாத்துன சாமானெல்லாம் ஒரிஜினல்தான?"

என் வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்தார். உள்ளே கம்பெனிப் பெயர் போட்ட டப்பாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் முனீர் ஒர்க்‌ஷாப் குப்பையில் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்துவைத்த காலி டப்பாக்கள். மல்லிகைப்பூ மூட்டையின் அடிவரைக்கும் கையைவிட்டுத் துழாவிப் பார்த்து வாங்குகிற ஸ்தனிஸ்லாஸ், டப்பாவில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அச்சடித்த எழுத்துக்கு அவ்வளவு மரியாதை. வண்டியை மறுவீட்டு விருந்து அன்று கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுவீட்டு விருந்துக்கு நிலக்கோட்டையிலிருந்து வேன் நிறைய வந்து இறங்கினார்கள். முதல் பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நல்லி எலும்பு ஒன்றை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"மாமா, சாயங்காலம் இங்க இருந்தே கொடைக்கானல் கெளம்புறோம். நம்ம கார்லயே" என்றார் இனிகோ.

எலும்பு பாதியில் இலைக்கு இறங்கியது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரு நல்லி எலும்பைப் பாதியில் வைத்து நான் பார்த்ததே இல்லை. எழுந்து கை கழுவியவர் நேராக அடுப்படிக்கு வந்தார்.

"முனீருக்குப் போன் போடு. பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஷூ, வாஷர் அம்புட்டும் கம்பெனி சாமானா வாங்கிட்டு ஒடனே வரச்சொல்லு."

"ஏங்க, ரெண்டும் இரும்புதான?"

"செத்த சும்மா இருடி. புள்ள மலையில போகுது."

பத்து வருடம் அவர் கட்டி எழுப்பிய தத்துவம் முழுவதும் அந்த ஒரு வரியில் சரிந்தது. எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே போன் போட்டேன்.

இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் போல முனீர் பறந்து வந்தார். பந்தலுக்குப் பின்பக்கம் காரை நகர்த்தி, சக்கரங்களைக் கழற்றி, அடியில் படுத்துக்கொண்டார். வேலை முடியச் சில மணி நேரம் ஆகும். அதுவரை சம்பந்தியைப் பந்தியைவிட்டு எழுந்திருக்க விடக்கூடாது. என் வீட்டுக்காரர் தானே கரண்டியைப் பிடித்தார். இன்னும் ஒரு கரண்டி பிரியாணி, இன்னும் ரெண்டே துண்டு சுக்கா, தயிர்ச்சோறு, பாயசம், மறுபடி பிரியாணி. அன்பு மிதமிஞ்சிப் போனதில் ஸ்தனிஸ்லாஸுக்கு மூச்சு முட்டியது. செரிக்க ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து, நேராகப் பந்தலுக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

அங்கே சாக்கு விரிப்பில் கழற்றிய சாமான்கள் கிடந்தன. புதுச் சாமான் ஏறக்குறைய முழுவதும் மாட்டியாகிவிட்டது. ஒரு சக்கரம்தான் பாக்கி.

"என்ன பாய் நடக்குது?"

"பிரேக் சாமான் மாத்துறோம்ணே."

"எல்லாம் ஒரிஜினல்னு டப்பாவோட காட்டுனாரே. நல்லா இருக்குறத எதுக்கு மாத்துறீக?"

முனீர் இஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். பதினோரு வருட வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஸ்தனிஸ்லாஸ் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரிஜினலை உருவிக்கொண்டு, உள்ளே மட்டமான எதையோ மாட்டுகிறார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அவர் சத்தம் போடவில்லை. என் வீட்டுக்காரரை வரவழைத்து, சொந்தக்காரர்கள் பல் குத்திக்கொண்டு கூடி நிற்க, மெதுவாகவே சொன்னார்.

"மூட்டைக்கு மேல பெருவெட்டு வெங்காயமா வச்சு அடியில அழுகலப் போடுறது மண்டியோட போகும்னு நெனச்சேன் சம்பந்தி. பொண்ணு குடுத்த எடத்துலயுமா?" பிறகு முனீரிடம் திரும்பினார். "பாய், கழட்டுனத எல்லாம் இருந்தபடியே மாட்டுங்க. எம்மகன் அந்த ஒரிஜினல்லயே மலை ஏறட்டும்."

முனீர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "மாட்டிரவாண்ணே?"

இவர் பேசாமல் இருந்தால் திருடன். பேசினால் டப்பா வித்தை வெளியே வந்துவிடும். ரெண்டில் எது நஷ்டம் குறைவு என்று அவர் முகத்தில் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. சகாயசெல்வி புதுப் பெட்டியோடு பின்வாசலில் வந்து நின்றாள். முனீர் குனிந்து பழைய சிலிண்டரைக் கையில் எடுத்தார். அப்போதும் இவர் கணக்கு முடியவில்லை. எனக்குச் சிரிப்பு அங்கேதான் நின்றது. இனி நான் பேசிவிட வேண்டியதுதான் என்று ஓர் அடி எடுத்து வைத்தபோது அவர் குரல் வந்தது.

"வேணாம் முனீரு. சம்பந்தி, கழட்டுனதுதான் டூப்ளிகேட்டு. இப்ப மாட்டிருக்கதுதான் ஒரிஜினல்."

ஸ்தனிஸ்லாஸ் சிரித்தார்.

"யாருகிட்ட சம்பந்தி கத விடுறீக? இந்த வண்டியில இத்தன வருஷம் போனது யாரு? ஒங்க சம்சாரம், ஒங்க புள்ள. பொண்டாட்டி புள்ள போற வண்டிக்கு எவனாச்சும் டூப்ளிகேட் பிரேக் போடுவானா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

இத்தனை வருடம் அவரை எத்தனை விதமாகக் கேலி செய்திருக்கிறேன். கஞ்சன் என்றிருக்கிறேன், கருமி என்றிருக்கிறேன். சம்பந்தி கேட்ட இந்தச் சாதாரணக் கேள்வி எனக்கு ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. மலைக்கு வேண்டாம் என்று பஸ் ஏறியவருக்கு அந்த பிரேக்கைப் பற்றித் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டே திருச்சி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே எங்களை வைத்து ஓட்டியிருக்கிறார். பதினோரு வருடம் படாத பயம் மொத்தமாக வந்து சேர்ந்தது.

"போடுவாக சம்பந்தி," என்றேன். "இவுக போட்டாக. முன் சீட்டுல நாந்தான் உக்காந்து போனேன்."

ஸ்தனிஸ்லாஸ் என் முகத்தைப் பார்த்தார். அவரை நம்பவைத்தது என் வீட்டுக்காரரின் வார்த்தை இல்லை.

"புதுசே இருக்கட்டும் பாய்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைகூட எடுக்காமல் வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முனீர் கடைசிச் சக்கரத்தையும் முடித்து, ஓட்டிப் பார்த்துச் சாவியை இனிகோவிடம் கொடுத்தார். சகாயசெல்வி அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு காதோரமாகச் சொன்னாள்.

"ஒரு நல்லதும்மா. இனிமே நீ இந்த வண்டியில போக வேண்டாம்."

கார் போய், வேனும் போய், பந்தல் காலியானது. நான் பாத்திரங்களை எண்ணி எடுத்துவைக்கப் பின்பக்கம் போனேன். என் வீட்டுக்காரர் சாக்கின் மேல் குத்தவைத்து, கழற்றிய பழைய சாமான்களைத் துடைத்துத் துடைத்துச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு பக்குவமாக அவர் எதையும் கட்டி நான் பார்த்ததில்லை.

"அது என்னத்துக்கு?"

"சோலைமலை இருக்கான்ல, மண்டிக்கு வெங்காயம் கொண்டாருவானே. அவன் பழைய அம்பாசிடர் ஒண்ணு வாங்கிருக்கான். பிரேக் சரியில்லங்குறான். இது இன்னும் ஒரு வருஷம் தாங்கும். பாதி வெலைக்குக் குடுத்துறலாம்."

"அவனுக்குச் சம்சாரம் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு பிள்ளைக. எதுக்குக் கேக்குற?"

ஏன் கேட்கிறேன் என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். பொட்டலத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, கொல்லையில் இருந்த வறண்ட கிணற்றுக்குள் வீசினேன். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டு அவர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். பிறகு, நீளமான கயிறு வீட்டில் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.