கடைசிப் பத்து

அறுபத்தஞ்சாம் வருஷம் செஞ்சிப் பக்கம் மழை சுத்தமா ஏமாத்திட்டுது. சிங்கவரத்துல நாலு பேருக்குப் பங்கான ஒரு கிணறு. ஆளுக்கு வாரத்துல ஒருநாள்தான் எறைக்கணும், மத்த நேரம் ஊறவிடணும்னு முறை பிரிச்சாங்க. பிரிச்சது எப்போ? ஞாயித்துக்கிழமை காலையில, நாலுல ஒரு பங்குக்காரனான சவரிராயன் செஞ்சி மாதா கோயில்ல பூசைக்கு முட்டி போட்டிருந்த நேரத்துல! திரும்பி வந்தா, அவன் தலையில கட்டியிருந்தது அதே ஞாயித்துக்கிழமை.

"உங்களுக்குத்தான் அன்னிக்கு லீவு நாளாச்சே! நல்லதுன்னு நெனச்சிதான்பா வச்சோம்," என்றார் பங்குக்காரர் கலியபெருமாள். மனுஷன் வெள்ளந்தி. சண்டை போடவும் வழியில்லை, அதுதான் சவரிராயனுக்குப் பத்திக்கிட்டு வந்தது. மாத்திக் கேட்டும் ஒருத்தரும் மசியலை.

மூணு வாரமா பூசை போச்சு. போகட்டும்னு விட முடியுமா? விடாம பூசைக்குப் போனா நாத்து கருகிடும், நாத்து கருகினா நடவு இல்லை, வருஷம் பூரா ரேஷன் கடை வாசல்தான்.

ஏத்தம் எறைக்கறவங்க எத்தனை சால் தண்ணி ஏறுதுன்னு எண்ணறதுக்குப் பாட்டுப் பாடுவாங்க. சவரிராயன் வீட்டு வழக்கம் வேற. ஒரு சாலுக்கு, மாதாவை வேண்டி ஒரு அருள் நிறை மந்திரம்; பத்து மந்திரம் சேர்ந்தா செபமாலையில ஒரு பத்து. பதினஞ்சு பத்து செபமாலை முடிஞ்சா நாத்தங்கால் முழுக்க நனைஞ்சிருக்கும்.

நாலாவது ஞாயிறு தம்பி ஞானமுத்து துலாமரத்துல ஏறி மிதிக்க, கீழே நின்னு சால் கவுத்த சவரிராயன் மந்திரத்தைச் சொல்லலை, கத்தினான். நடுநடுவே ஆண்டவரையே வம்புக்கு இழுத்தான்.

"மழையும் தரமாட்டீரு, பூசைக்கும் விடமாட்டீரு! நான் இன்னாதான் பண்ணட்டும்?"

"அண்ணா, எண்ணிக்கை தப்பிடும்," என்றான் தம்பி.

"தப்பட்டும் போடா!"

பதினாலாவது பத்து முடிஞ்சதும் சால் அடிப்பாறையில முட்டிச்சு. வந்தது வெறும் சேறு. கடைசிப் பாத்திக்கு ஒரு பொட்டுத் தண்ணி போகலை. மடை திருப்பிக்கினு இருந்த பொண்டாட்டி சின்னப்பொண்ணு நிமிந்து பாத்தா. சவரிராயன் சாலை எட்டி உதைச்சிட்டுக் கிணத்து மேட்டுல உக்காந்தான். தம்பி எதிர்ல, வெக்கம் பாக்காம, விக்கி விக்கி அழுதான்.

அழுது ஓஞ்சதும், திட்டறதுக்குக்கூட அவன்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லை. பழகின வாய் விட்ட இடத்துலேர்ந்து கடைசிப் பத்தைத் தானா ஆரம்பிச்சுது. இப்போ சாலும் இல்லை, அவசரமும் இல்லை. முதல் மந்திரம் கோவமாத்தான் வந்துது. நாலாவதுல மூச்சு சீரா வந்துது. ஏழாவதுல, மூணு வாரமா நெஞ்சுல எரிஞ்சிக்கினு இருந்தது அடங்கிப்போச்சு. பாத்தி காஞ்சிதான் கெடந்துது. அதைப் பாத்துக்கினேதான் சொன்னான்.

சின்னப்பொண்ணு மண்வெட்டியோட வந்து நின்னா.

"தண்ணிதான் நின்னுபோச்சே, இன்னும் இன்னாத்துக்கு எண்ணிக்கினு இருக்கற?"

"இவ்ளோ நேரம் தண்ணிகிட்டச் சொல்லிக்கினு இருந்தேன். இப்பத்தான் மாதாகிட்டச் சொல்றேன், இரு."