விதைக்கட்டுமா, வேண்டாமா?

…முளைவிட்ட விதை ஒருநாள் பொறுக்கும், மறுநாள் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அப்புறம் அள்ளிக் குப்பையில்தான் கொட்ட வேண்டும், இது தெரியாதா அவருக்கு, ஆனாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நாடாளுமன்றத் தாழ்வாரத்தில் சும்மா நிற்கிறார், கண்ணாடிக்கு அப்பால் மேகம் நகர்கிறதா, கட்டடம் நகர்கிறதா… உள்ளே அவையில் யாரோ பேசிப் பேசித் தாலாட்டியதில் பாதித் தூக்கம் இன்னும் இமையில் இருக்கிறது, கனவில் அவையின் பச்சைக் கம்பளம் நாற்றங்காலாக அசைந்துகொண்டிருந்தது, அதில் கால் வைக்கப் போன நேரம் பார்த்துத் தம்பியின் போன். "சொல்லுண்ணே, இன்னைக்கு விதைக்கட்டுமா, வேண்டாமா? விதைச்சப்புறம் மழை கொட்டிச்சுன்னா மொத்தமும் அடிச்சுக்கிட்டுப் போயிடும். இந்த ஒரு மூட்டைதான் இருக்கு." எத்தனை வருஷமானாலும் அண்ணனைக் கேட்காமல் விதைக்க அவனுக்குக் கை வராது, பாவம்.

முன்பெல்லாம் செருப்பைக் கழற்றிப்போட்டு வயலில் இறங்கி, வானத்தை ஒரு பார்வை, ம், விதை, அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் வாய்க்கால் மதகு உடைந்து, யாரும் கண்டுகொள்ளாமல் போகவே, ஒரு கூடைச் சேற்றைக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் கொட்டினார், ஊரே சிரித்தது, சிரித்த ஊரே கவுன்சிலராக்கியது, பிறகு தலைவர், பிறகு எம்.பி., இந்தத் தாழ்வாரம்… மேஜை மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்ததே, அட கடவுளே, எப்போது அதன் மறுபக்கம் போய் உட்கார்ந்தோம்? ஜன்னலைத் தள்ளிப் பார்க்கிறார், திறக்கிற ஜன்னலில்லை. மூச்சை இழுக்கிறார், மழை வாசனையா, தரை துடைத்த மருந்தா, என்ன எழவோ, ஒன்றும் பிடிபடவில்லை. ஓட்டெடுப்புக்கு மணி அடிக்கிறது.

"எல்லாத் தரப்பையும் கலந்து பேசி, ஒரு நல்ல முடிவா எடுத்துடலாம்ப்பா," என்று வாய் தானாகச் சொல்கிறது, மேடையில் வரும் அதே கனிவோடு.

"இங்க நானும் மூட்டையுந்தாண்ணே இருக்கோம்," என்கிறான் தம்பி. "எந்தத் தரப்பைக் கேட்கணும்?"

வெட்கம் பிடுங்கித் தின்கிறது. எனக்குத் தெரியலைடா என்று சொன்னால் போதும், அவன் சொந்தக் கண்ணால் பார்த்து ஏதோ செய்துகொள்வான், அவனுக்கென்ன விவரமில்லையா… ஆனால் தெரியலை என்ற வார்த்தையைக் கடைசியாக யாரிடம் சொன்னோம், பொண்டாட்டியிடமாவது? பதினாலு வருஷமாக எதைக் கேட்டாலும் ஒரு பதில் இருந்ததே… உதடு அசைகிறது, சொல் வரமாட்டேன் என்கிறது, தம்பி இன்னும் லைனில்தான் இருக்கிறான்.