ஒரு விசில் நிறுத்த, இரண்டு விசில் கிளம்ப

ராஜராஜன் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். பால் பாக்கெட்டை எடுத்துவந்து அடுப்பேற்றினான். பொங்குவதற்குள் பல் தேய்த்தான். காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு வெளியே போய்க் காரைக் கிளப்பி, வேப்பமரத்துக்கு மேற்கே நகர்த்தி நிறுத்தினான். வெயில் ஏறிய பிறகுதான் அந்த இடத்துக்கு நிழல் வரும். மதியம் மறுபடி மறுபக்கம் நகர்த்த வேண்டும். தினமும் நகர்த்தினான். தெருவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெண்டாட்டி செத்து இன்னும் வருஷம் திரும்பாத ஆளிடம் எதைக் கேட்பது?

அறுபத்தெட்டாம் வருஷத்து பியட். அவன் அப்பா விட்டுப்போனது. ஓடுவதில் குறை சொல்ல முடியாது. நிற்பதுதான் அதற்குப் பிடிக்காது. பொங்கலுக்குக் கீழப்பழுவூர் போனபோது மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தப் பார்த்தான். வாசலைத் தாண்டி, மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, வைக்கோல் போரில் போய் நின்றது.

மாமனார் இளையபெருமாள் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் தையல்நாயகி இறந்ததிலிருந்து பேத்தி இலக்கியா அவரிடம்தான் இருந்தாள். ஜூனில் பள்ளிக்கூடம். தன்னோடு பெரம்பலூரில் வைத்துச் சேர்க்கலாம் என்று ராஜராஜன் பேச்செடுத்தபோது அவர் வைக்கோலை உதறிக்கொண்டே சொன்னார்:

“புள்ள உங்க புள்ள. நான் யாரு வேணாங்கறதுக்கு? ஆனா இந்த வண்டி மொதல்ல நிக்கட்டும் மாப்ள.”

“பஸ்ல கூட்டிட்டுப் போறேன் மாமா.”

“போயிட்டு? தெனம் ஸ்கூலுக்கு எதுல கொண்டுபோயி வுடுவீங்க? இதுலதான? நிக்காத வண்டியில எம் பேத்திய ஏத்த முடியாது.”

பேச்சு அங்கேயே நின்றது. அவருக்குள் வேறொன்றும் இருக்கிறது என்று ராஜராஜனுக்குத் தெரியும். இழவு வீட்டில் எல்லோரும் அவனிடம் ஒன்றையே கேட்டார்கள்: கடைசியா என்ன சொன்னா? ஒண்ணும் சொல்லல என்றான். எல்லோரும் நம்பினார்கள். மாமனார் மட்டும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு, வண்டி ஏன் நிற்கவில்லை என்று யோசிக்க இத்தனை நாள் ஆனது. பழைய பிரேக் ஒரு சட்டி மாதிரி. சக்கரத்தோடு சட்டி சுற்றும். உள்ளேயிருந்து இரண்டு கட்டைகள் விரிந்து அதன் சுவரைப் பிடிக்கும். சூடேறினால் பிடி தளரும். புது வண்டிகளில் சட்டி கிடையாது. தட்டு ஒன்று சுற்றும், இரண்டு பக்கமும் அதை இறுக்கிப் பிடிக்கும். டிஸ்க் பிரேக்.

ட்ரங்க் ரோட்டில் பழைய வண்டி உடைத்து விற்கும் ஷஃபியுல்லாவிடம் போனான். லப்பைக்குடிக்காட்டுக்காரர், சவுதியில் இருந்து திரும்பியவர்.

“அறுவத்தெட்டு மாடல் மாப்ளைக்குத் தொண்ணூத்தஞ்சு மாடல் பொண்ணு தேடுறீங்க,” என்றார். “பாவம்ங்க அந்தப் பொண்ணு.”

“இருக்கா பாய்?”

இருந்தது. வெள்ளை நிற 118 என்.இ. கார். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்ததில் பானெட் அப்பளமாகியிருந்தது. பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரும் அதனோடு போயிருந்தது. முன்சக்கரங்கள் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. ராஜராஜன் குனிந்து தட்டைக் கையால் சுற்றிவிட்டான். சுற்றியது. மறுபடி சுற்றினான். எவ்வளவு லேசாகச் சுற்றுகிறது, இதை எது பிடிக்கும், எப்படி விடும்? கையில் கிரீஸ் ஆனது அவனுக்குத் தெரியவில்லை.

“கழட்டிட்டு வெளையாடலாம்ங்க,” என்றார் ஷஃபியுல்லா.

லேத் பட்டறையில் இரும்புப் பட்டையைக் கடைந்து, புதுத் தட்டைப் பழைய அச்சில் உட்கார வைக்க ஞாயிற்றுக்கிழமைகள் பல ஆயின. மாஸ்டர் சிலிண்டர் மட்டும் பியட்டினுடையதே. நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டான். தெருவில் ஓட்டிப் பார்த்தான். மிதித்த இடத்தில் நின்றது.

மே மாதக் கடைசியில் கீழப்பழுவூர் போனான். வாசலில், கோலத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. முன்பக்கம் லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. புது பிரேக் லைனிங் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

இளையபெருமாள் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் கயிற்றோடு விசில்.

“டெஸ்ட்டு நாந்தான் எடுப்பேன். பெரம்பலூர் வரைக்கும் வரேன். ஒரு விசில் குடுத்தா நிறுத்தணும். ரெண்டு குடுத்தா கெளம்பணும். தேறலைன்னா அடுத்த பஸ்ஸப் புடிச்சு நாங்க ரெண்டு பேரும் திரும்பிருவோம்.”

பேத்தியோடு பின்சீட்டில் ஏறினார். அரியலூர் வரைக்கும் ரோட்டில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாலத்தில் விசில். நின்றது. லாரிக்குப் பின்னால் விசில். நின்றது. காரணமே இல்லாமல் ஒரு விசில். அதற்கும் நின்றது. இலக்கியா கைதட்டினாள். மாமனாரின் முகத்தில் மட்டும் தெளிவில்லை. வண்டி தேறத் தேற அவர் பேச்சுக் குறைந்தது.

அரியலூரைத் தாண்டியதும் வண்டி திணறியது. கியரைக் குறைத்தான். சேற்றில் இழுப்பதுபோல் இழுத்தது. தீய்ந்த வாடை இப்போது உள்ளேயே வந்தது. ஓரங்கட்டினான்.

இரண்டு விசில் வந்தது. வண்டி நகரவில்லை. மறுபடியும் இரண்டு.

“மாமா, போகல.”

“அப்ப நிக்கவே மாட்டேன்னுச்சு, இப்ப போவ மாட்டேங்குதா? என்னா வண்டி மாப்ள இது!”

இறங்கி முன்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனான். அடுப்பு மாதிரி அனல். நியூட்ரலில் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. பெடலில் யாருடைய காலும் இல்லை. பிறகு எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

ஸ்பேனரை எடுத்து, பிரேக் ஆயிலில் காற்றெடுக்கும் நிப்பிளைக் கால் திருகு திறந்தான். ஆயில் சீறி அடித்தது. மறுபக்கமும் அப்படியே. இப்போது தள்ளினான். வண்டி உருண்டது.

அப்படியே ரோட்டோரத்துப் புளியமரத்தடிக்குத் தள்ளினான்.

“இங்கயே பாத்தா ஆகாதா? நிக்கிற வண்டிக்கு நெழல் வேறயா!” மாமனார் சொல்லிக்கொண்டே பின்னாலிருந்து தள்ளினார்.

ராஜராஜன் தள்ளிக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தான். காலை எடுத்த பிறகும் குழாய்க்குள் அழுத்தம் மிச்சமிருக்கிறது என்றால், யாரோ கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். குழாய் புதிது. சக்கரத்தில் இருப்பது வேறு வண்டியுடையது. பழையது ஒன்றே ஒன்றுதான்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினான். பிஸ்டன் வந்தது, ஸ்பிரிங் வந்தது. அடியில், ஸ்பிரிங்குக்கும் பின்னால், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வால்வு. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதுவா?” என்றார் மாமனார். “இந்தப் பொடிப்பயலா?”

“இதுதான் மாமா. பழைய பிரேக்குக்கு இது வேணும். கால எடுத்தாலும் கொஞ்சம் அழுத்தத்தப் புடிச்சு வச்சுக்கும். கட்டை ரொம்ப உள்ள போயிடாம இருக்கும், அடுத்த மிதிக்கு ஒடனே புடிக்கும். தட்டுக்கு அது ஆகாது. முழுசா வுடணும்.”

“அத அப்பவே எடுத்திருக்கலாம்ல? காலேஜி வாத்தியாரு.”

“உள்ள இருக்குன்னே தெரியாது மாமா.”

வால்வு இல்லாமல் சிலிண்டரை மாட்டினான். ஆயில் ஊற்றினான். இனி ஆயிலில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். இளையபெருமாள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார்.

“இத்தன வருஷ சர்வீஸ்ல இந்த சீட்டுல உக்காந்ததில்ல. எந்த டிரைவரும் வுடமாட்டான்.” பிறகு கீழே குனிந்து, “விசில்லயே வச்சுக்குவமா? ஒண்ணுன்னா மிதிச்சுட்டேன். ரெண்டுன்னா வுடப் போறேன்.”

விசிலை இலக்கியா பிடுங்கிக்கொண்டாள். தாத்தா மிதித்தால் ஒன்று, விடப்போனால் இரண்டு. வண்டிக்கடியில் படுத்திருந்த ராஜராஜன் அவள் விசிலுக்குத் திறந்தான், மூடினான். ஒருமுறை தாத்தா மிதிக்காமலே ஊதிவிட்டுச் சிரித்தாள். ஆயில் அவன் முகத்தில் சொட்டியது. அவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் நின்றது.

முடிந்தது. வண்டியை நகர்த்தி நிறுத்தி, இறங்கித் தள்ளிப் பார்த்தான். லேசாக உருண்டது. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி நிழலில் விட்டான்.

“பாஸா மாமா?”

இளையபெருமாள் ரோட்டைப் பார்த்தார். அரியலூருக்குப் போகிற பஸ் ஒன்று தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

“வண்டி பாஸு. வண்டி சாக்குதான் மாப்ள. ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. நாயகி ஒண்ணும் சொல்லலன்னீங்க. எம் பொண்ணு ஒண்ணும் சொல்லாம போற ஆளா? புள்ளைய எங்க அப்பாருகிட்டயே வுட்டுடுங்கன்னு சொல்லிட்டாளோ, நீங்க அத முழுங்கிட்டீங்களோன்னு எனக்கு. அப்டி சொல்லியிருந்தா நான் எப்புடி அனுப்புவேன்?”

“அப்படிச் சொல்லல மாமா.”

“அப்ப என்னா சொன்னா?”

பஸ் அருகில் வந்தது. அவர் கை காட்டவில்லை. அது போய்விட்டது.

ராஜராஜன் சொன்னான். தலைவலி என்று அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போனது இதே வெயிலில், இதே காரில். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாள். தலையை ஒரு கையால் பிடித்தபடி கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலில் குனிந்து ஒன்று சொன்னாள். அவன் தெருவெல்லாம் சுற்றிக் காரை விட்டுவிட்டு வந்தபோது பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். பிறகு அவள் பேசவில்லை. குழந்தையைப் பற்றி அதில் எதுவும் இல்லை, யாரைப் பற்றியும் இல்லை. சாகப்போகிறவள் சொல்கிற மாதிரியே இல்லை. இழவு வீட்டில் அதைப் போய் எப்படிச் சொல்வது?

“அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க,” என்றார் மாமனார்.

சொன்னான்.

அவர் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கதவைத் திறந்து பின்சீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஏறி உட்கார்ந்து பேத்தியை மடியில் இழுத்துக்கொண்டார்.

“ரெண்டு ஊது கண்ணு. அப்பா வூட்டுக்குப் போவலாம்.”

அவள் ஊதினாள். வண்டி கிளம்பியது.

தையல்நாயகி சொன்னது இவ்வளவுதான்:

“வண்டிய நெழலு பாத்து நிறுத்துங்க. திரும்பி வர்றப்ப சீட்டு சுடும்.”